போன் சிங்கப்பூரில், முகவரி இந்தியாவில்

இந்திய சிம்மோடு சிங்கப்பூரில் இறங்கி, ரோமிங் டேட்டாவைப் போட்டு, உங்கள் ஐ.பி. முகவரி எந்த நாட்டுடையது என்று பாருங்கள். பெரும்பாலும் இந்தியா என்றுதான் வரும். கோளாறு ஏதுமில்லை, வடிவமைப்பே அப்படி.

4ஜியில் போனுக்கு முகவரி கொடுப்பது டவர் இல்லை. கோர் நெட்வொர்க்கின், அதாவது டவர்களுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தின் மைய வலையின், வாசலில் இருக்கும் பி-கேட்வே. இணையத்திலிருந்து உங்களுக்கு வரும் பாக்கெட் (டேட்டாவின் சிறு பொட்டலம்) எல்லாம் முதலில் அங்கேதான் போய்ச் சேரும். அது அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமல், அப்படியே இன்னொரு உறைக்குள் போட்டு, உங்கள் இணைப்புக்கான 32 பிட் எண் ஒன்றை எழுதி, டவர்கள் பக்கமிருக்கும் இன்னொரு வாயிலான எஸ்-கேட்வேக்கு அனுப்பும். எஸ்-கேட்வே உறையை மாற்றி, நீங்கள் இப்போது பிடித்திருக்கும் டவருக்குத் தள்ளும். வழியிலுள்ள ரவுட்டர்கள் வெளி உறையை மட்டுமே பார்க்கும். இந்த உறை போடும் முறைக்கு ஜி.டி.பி. என்று பெயர். 2ஜி காலத்து டேட்டா சேவையான ஜி.பி.ஆர்.எஸ்.ஸுக்காகப் பிறந்தது, 5ஜியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரயிலில் போகும்போது டவர் மாறினால் வெளி உறையின் முகவரி மட்டும் மாறும். உள்ளே இருப்பது மாறாது, அதனால் வீடியோ அனுப்பும் சர்வருக்கு நீங்கள் நகர்ந்ததே தெரியாது. பழைய டவருக்குப் போய்விட்ட பாக்கெட்டுகள்? அந்தப் பழைய டவரே புதிய டவருக்குக் கடத்திவிடும். ‘இந்த வழியில் இனி வராது’ என்று சொல்ல, எஸ்-கேட்வே கடைசியாக ஒரு வெற்று உறையையும் அனுப்பும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

போன் சட்டைப்பையில் சும்மா கிடக்கும்போது கதை வேறு. எந்த டவருக்குக் கீழே இருக்கிறது என்று கோருக்கே தெரியாது, வட்டாரம் மட்டும்தான் தெரியும். அப்போது ஒரு வாட்ஸப் செய்தி வந்தால், எஸ்-கேட்வே அதைப் பிடித்து வைத்துக்கொண்டு போன்கள் எங்கே இருக்கின்றன என்று கவனித்துவரும் எம்.எம்.இ.க்குத் தகவல் சொல்லும். அது அந்த வட்டாரத்து டவர்களை விட்டுக் கூப்பிடச் சொல்லும். போன் குரல் கொடுத்த பிறகுதான் செய்தி கிளம்பும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே எஸ்-கேட்வே அந்த ஊர் நிறுவனத்துடையது, பி-கேட்வே இந்தியாவில். அது சென்னையில் என்றே வைத்துக்கொள்வோம், தூரம் சுமார் 2,900 கி.மீ. பக்கத்துத் தெரு சர்வரைத் திறந்தாலும் கேள்வி ஒருமுறை போய் வரும், பதில் ஒருமுறை போய் வரும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். அப்படியும் இந்த நாலு நடைக்குக் கிட்டத்தட்ட 60 மில்லிநொடி போய்விடும். டேட்டாவை இந்தியாவுக்குக் கொண்டுவராமல் அந்த ஊரிலேயே இணையத்துக்கு இறக்கிவிடவும் விதிகளில் இடம் உண்டு. ஆனால் எவ்வளவு டேட்டா போனது என்று கணக்கெழுதுவது பி-கேட்வே. கணக்குப் புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுக்க எந்த நிறுவனத்துக்குத்தான் மனசு வரும்?