விரல் அசைந்தால் சரியாகிவிட்டதா?

இந்த வாரமும் ஒரு தம்பி வந்தார். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, ராத்திரியில் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், ஃபுட்பால். கால் கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கி, உள்ளங்கால் பக்கம் ரத்தம் கட்டிக் கன்றியிருந்தது. "விரல் அசையுதுங்களே! சுளுக்குத்தான்னு எண்ணெய் போட்டு நீவி, சொடக்கு எடுத்து உட்டாங்க. ஞாயித்துக்கிழமை மேட்சும் ஆடிட்டேனுங்க" என்கிறார்.

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் டர்ஃப் மைதானங்கள் பெருகிய பிறகு, பிசியோதெரபி அறையில் இந்த "அசையுதுங்களே"வைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. விரலை ஆட்டும் நீளத் தசைகள் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன. அடிபட்டது அவையல்ல, மூட்டை அடியிலிருந்து தாங்கும் தடித்த தசைநார்த் தட்டு. அது கிழிந்தாலும் விரல் அசையும். எலும்பில் விரிசல் விட்டாலும் அசையும். பாதி கிழிந்ததை இழுத்துச் சொடக்கு எடுத்தால் மீதியும் போகும். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றாலும் நிம்மதியாகிவிடாதீர்கள்; தசைநார் அதில் தெரியாது. (எக்ஸ்ரே எழுதிக்கொடுக்கும் மருத்துவ நண்பர்களே, இரண்டு காலையும் நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள். மூட்டுக்கு அடியிலுள்ள பட்டாணி அளவு எலும்புகள் குதிகால் பக்கம் நகர்ந்திருப்பது மறுகாலோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.)

இந்தக் காயத்துக்குப் பெயரே 'டர்ஃப் டோ'. 1976-லேயே அமெரிக்காவில் பவர்ஸ், மார்ட்டின் என்ற ஆய்வாளர்கள் இதற்குச் செயற்கைப் புல்லையும் எளிதில் வளையும் ஷூவையும் சேர்த்தே காரணம் காட்டினார்கள். மண் தரையில் கால் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். டர்ஃப் பிடித்துக்கொள்ளும், கட்டைவிரல் மேல்நோக்கி அளவுமீறி மடங்கும்.

ஷூவின் நுனியையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். சிரமமே இல்லாமல் மடிந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். டர்ஃபுக்கு ஷூ அடியில் நீள ஸ்டட் (துருத்தி நிற்கும் முளை) வேண்டாம். குட்டிக் குட்டி ரப்பர் குமிழ் வைத்த அடிப்பாகம் போதும். "வளர்ற காலுங்க" என்று பெரிய சைஸ் வாங்கித் தராதீர்கள், பாதம் உள்ளே முன்னே ஓடும். கணுக்கால் இறுகியிருந்தாலும் பாரம் கட்டைவிரலுக்குத்தான் போகும். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நுனிக்காலை வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடப் பாருங்கள். முடியவில்லையா, கெண்டைக்காலைத் தினமும் நீட்டிப் பழகுங்கள். முன்பே அடிபட்ட விரல் என்றால் இரட்டைக் கவனம்.

அடிபட்டதா? ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். துணியில் சுற்றி 15 நிமிடம் ஐஸ். நடக்கக் கெட்டி அடிப்பாக ஷூ, ரப்பர் செருப்பு வேண்டாம். நுனிக்காலில் எழ முடியவில்லை என்றால் உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள். முழுக் கிழிசல் ஆற மாதக்கணக்கில் ஆகும்; ஆறாமல் ஆடினால் மூட்டு நிரந்தரமாக இறுகலாம். டீம் கேப்டன்களே, கைகூப்பிக் கேட்கிறேன்: ஆள் குறையுதுன்னு வலி ஊசி போடவைத்து அந்தப் பையனை இறக்காதீங்க.