பாரஸ்தீசியா: மதமதப்பா, மரப்பா, விறுவிறுப்பா?

மூணு வருஷம் முன்னாடி என் ரிப்போர்ட்ல இந்த வார்த்தைய மொதல்ல பாத்தப்ப ஏதோ பெரிய வியாதியோட பேருன்னு நினைச்சு ராத்திரி பூரா தூங்கல. ரெண்டு பாதத்துலயும் இடது கை சுண்டுவிரல்லயும் எந்நேரமும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு சொல்லித்தான் டாக்டர்கிட்ட போனேன், அவர் எழுதுனது பாரஸ்தீசியா. அப்புறம் தேடிப் பாத்தா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு நான் தமிழ்ல சொன்னதையே அவர் கிரேக்கத்துல எழுதியிருக்கார், அவ்வளவுதான். அது நோயோட பேரே இல்ல, காரணமும் இல்ல, நாம படுறதுக்கு வெச்ச பேரு. இது தெரியாம பயந்துகிட்டு இருக்குறவங்க நிறைய பேர் இருப்பாங்க, அதனாலதான் இத எழுதுறேன்.

சொல்ல ரெண்டா பிரிச்சுக்கலாம். 'பாரா'ன்னா கிரேக்கத்துல பக்கத்துல, தாண்டி, வழி தப்பின்னு அர்த்தம். 'ஐஸ்தீசிஸ்'னா உணர்றது. அதே ஐஸ்தீசிஸ்லேர்ந்துதான் ஆபரேஷனுக்கு முன்னாடி குடுக்குற அனஸ்தீசியாவும் வந்துச்சு, அந்தப் பேர 1846-ல சொன்னவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்ங்கிற அமெரிக்க டாக்டர். அழகியலுக்கு சொல்ற ஈஸ்தெடிக்ஸும் இதே வேர்தான். ஆக பாரஸ்தீசியான்னா வழி தப்புன உணர்வு, தொடாமலே தொட்ட மாதிரி, குத்தாமலே குத்துன மாதிரி. எறும்பு ஊர்ற உணர்வுக்குன்னு தனியா ஃபார்மிகேஷன்னு ஒரு பேரு இருக்கு, லத்தீன்ல ஃபார்மிகான்னா எறும்பு. அவங்க ஊர்லயும் எறும்புதான் ஊர்ந்திருக்கு.

நரம்புங்கிற சொல்லும் அப்படித்தான். கிரேக்கத்துல நியூரான்னா மொதல்ல தசைநார், வில்லு நாண், கயிறு. நம்ம பழைய தமிழ்ல நரம்புன்னா யாழோட தந்தியும்தான், தொல்காப்பியத்துலயே அந்தப் பொருள்ல வருது. ரெண்டு மொழியும் இழுத்துக் கட்டுன கயிறதான் பாத்திருக்கு. ஆனா பேச்சுத்தமிழ்ல நரம்பு ரொம்ப அகலமாயிடுச்சு, ஊசி போடுறப்ப "நரம்பு கெடைக்கல"ன்னு சொல்றது ரத்தக்குழாய. அதனால டாக்டர்கிட்ட "நரம்பு இழுக்குது"ன்னு மட்டும் சொன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இதுக்கு தமிழ்ல ஒரு சொல் இல்ல, பல சொல் இருக்கு, ஒவ்வொண்ணும் வேற வேற. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உக்காந்து சாப்ட்டு எழுந்திரிக்கும்போது கால் இருக்குற இடமே தெரியாது பாருங்க, தட்டுனாலும் வேற யாரோ கால தட்டுற மாதிரி இருக்கும், அது மரத்துப்போறது. கேக்கும்போதே மரக்கட்ட ஞாபகம் வருது, அவ்வளவு பொருத்தம். ஒரு நிமிஷம் கழிச்சு கால நீட்டுனதும் ஆயிரம் ஊசி குத்துற மாதிரி சுருக்கு சுருக்குன்னு வருமே, அது மரப்பு இல்ல, மரப்பு விலகுறப்ப வர்றது, இதுதான் சரியான பாரஸ்தீசியா. நரம்பு நசுங்கி, அதுக்குப் போற ரத்தமும் குறைஞ்சு செய்தி நின்னு போயிருக்கும், அழுத்தம் விலகுனதும் அது தானா தாறுமாறா செய்தி அனுப்ப ஆரம்பிக்குது. மதமதப்பு இந்த ரெண்டுக்கும் நடுவுல, தொட்டா தெரியும் ஆனா மேல ஒரு துணி போர்த்துன மாதிரி தெரியும். எங்கம்மா இததான் "மதமதன்னு கெடக்கு"ன்னு சொல்லுவாங்க. விறுவிறுப்புன்னா இப்ப நமக்கு சினிமா கதைதான் ஞாபகம் வருது, ஆனா தேள் கொட்டுன எடத்துலேர்ந்து விறுவிறுன்னு ஏறுதுன்னு சொல்றோமே, அந்த விறுவிறுப்பு. காந்தல் வேற, அது எரிச்சல். கெண்டக்கால் இறுகிப் பிடிச்சுக்கிற கொரக்களி வேறயே வேற, அது தசையோட வேல. இலங்கைத் தமிழங்க மரத்துப்போறத 'விறைச்சுப் போச்சு'ன்னு சொல்வாங்க. திமிர்ங்கிற சொல்லுக்கும் மரப்புங்கிற பொருள் உண்டு, கை கால் திமிர்னு பெரியவங்க சொல்றது உடம்புக் கோளாறு, குணக் கோளாறு இல்ல.

இவ்வளவு சொல் இருக்குறப்ப எல்லாத்தையும் நரம்புத் தளர்ச்சின்னு ஒரே மூட்டையில கட்டுறதுதான் எனக்கு பொறுக்கல. 1869-ல ஜார்ஜ் பியர்டுங்கிற அமெரிக்க டாக்டர் பிரபலமாக்குன நியூரஸ்தீனியாங்கிற சொல்லும் அச்சு அசலா இதே அர்த்தம்தான், நரம்போட பலவீனம். அந்த சொல்ல இன்னைக்கு பெரும்பாலும் டாக்டருங்க கைவிட்டுட்டாங்க, ஆனா நம்ம ஊர் சுவத்து விளம்பரத்துல லாட்ஜ் வைத்தியர் பேரோட அது இன்னும் உயிரோட இருக்கு. என் பாதத்துல எறும்பு ஊருதுன்னு சொன்னதும் சொந்தக்காரர் ஒருத்தர் குரல தாழ்த்தி "நரம்புத் தளர்ச்சியா?"ன்னு கேட்டார், அந்தக் கேள்வி வலிய விட மோசமா இருந்துச்சு.

சரியான சொல் ஏன் வேணும்னா, டாக்டர் அத வெச்சுத்தான் வழி புடிக்கிறார். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல்ல ராத்திரி மதமதப்புன்னா மணிக்கட்ட பாப்பாங்க, சுண்டுவிரல், மோதிரவிரல்னா முழங்கைய பாப்பாங்க. ரெண்டு பாதத்துலேர்ந்தும் மேல ஏறுதுன்னா சுகர், பி12, தைராய்டு. செருப்பு கழண்டு விழுந்ததே தெரியலன்னு ஒருத்தர் சொன்னா அது விறுவிறுப்பு இல்ல, மரப்பு, உடனே பாக்கணும். வெளிறுன தேமல்ல கிள்ளுனா தெரியலன்னாலும் அப்படித்தான், தொழுநோய் அப்படி ஆரம்பிக்கும், மருந்துல குணமாயிடும். வேலூர் சி.எம்.சி.ல தொழுநோயாளிங்க கைய ஆபரேஷன் பண்ணி சரிபண்ண டாக்டர் பால் பிராண்ட், விரல் தேயுறதுக்கு முக்கிய காரணம் உணர்வில்லாம படுற காயமும் சூடும்தான்னு எடுத்துக் காட்டுனார். திடீர்னு ஒரு பக்கம் கை கால் மரத்து வாய் கோணுச்சுன்னா சொல்லெல்லாம் யோசிக்காதீங்க, 108-ஐ கூப்பிடுங்க.

எனக்கு சுகர் இல்ல, பி12 சரியா இருக்கு, நரம்புல கரண்ட் வெச்சு பாக்குற டெஸ்ட்டும் நார்மல். அந்த டெஸ்ட் பெரிய நரம்பிழைகளத்தான் அளக்கும், சின்ன இழைங்க கெட்டிருந்தா அதுல தெரியாது, இத அப்பவே ஒருத்தர் சொல்லியிருந்தா "எல்லாம் மனசுதான்"னு கேட்டப்ப நான் அப்படி உடைஞ்சு போயிருக்க மாட்டேன். கடைசியா பாத்த டாக்டர் இடியோபதிக்னு எழுதுனார். இடியோஸ்னா தன்னுடைய, பேதோஸ்னா படுற துன்பம், தனக்கே உரிய துன்பம். தமிழ்ல தான்தோன்றின்னு சொல்லிப் பாத்தேன், அர்த்தம் ஒட்டுது, ஆனா தான்தோன்றித்தனம்னு காதுல விழுந்து நோயாளி மேலயே பழி வந்துடும். 'காரணம் பிடிபடாத'ன்னு சொல்றதே நேர்மையா இருக்கு.

பாரஸ்தீசியாவுக்கு எழுத்துல 'உணர்வுப் பிறழ்வு' போதும்னு நினைக்கிறேன், உணர்ச்சின்னு போட்டா அழுகை, கோபம்னு போயிடும். உணர்வு குறையுறதுக்கு 'உணர்வு மழுக்கம்', கத்தி மழுங்குற மாதிரி. பேச்சுக்கு அம்மா சொன்ன சொல்லே போதும். இப்ப ஒரு சின்ன நோட்டு வெச்சிருக்கேன், அடுத்த தடவ டாக்டர்கிட்ட காட்ட. இன்னைக்கு எழுதுனது: காலைல ரெண்டு பாதத்துலயும் விறுவிறுப்பு, 2 மணி நேரம். சுண்டுவிரல் மதமதப்பு, டம்ளர் சில்லுன்னு இருக்குறது தெரிஞ்சுது. மரப்பு இல்ல.