கேரியர் போல்ட் ஏன் முறிகிறது?

கொல்லிமலை இறக்கத்தில் சைக்கிளின் பின் கேரியர் போல்ட் முறிந்துவிட்டதாக வாசகர் ஒருவர் படத்துடன் எழுதியிருக்கிறார். கேரியரில் 25 கிலோ என்று பொறித்திருக்கிறது; இரண்டு பக்கப் பைகளிலும் சேர்த்து இருந்தது 20 கிலோ. 40 கிலோ தாங்கும் ஸ்டீல் கேரியராக மாற்றிவிடலாமா என்கிறார். மாற்றலாம். ஆனால் அதையும் இதே எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்தான் பிடித்திருக்கும்.

சீட்டுக்குக் கீழே போகும் மேல் கம்பிகள் கேரியர் முன்பின் சாயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எடை இறங்குவது அச்சுக்கு அருகிலுள்ள இரண்டு போல்ட்களில். மரையின் பள்ளத்தில் அளந்தால் தடிமன் 4 மி.மீ. சொச்சம்.

இதில் அழகே, சரியாக முறுக்கிய போல்ட் சுமையை நேரடியாகத் தாங்குவதில்லை என்பதுதான். 5 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் போல்ட் மயிரிழை நீண்டு, கேரியரின் காலை ஃபிரேமோடு ஏறக்குறைய 5,000 நியூட்டன் விசையில் அழுத்துகிறது. உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால் 750 நியூட்டன், அதாவது 75 கிலோ வரை கால் நழுவாது. ஒரு பக்கச் சுமை 10 கிலோ. பள்ளத்தில் குதித்து மும்மடங்கானாலும் 30. தூக்கிப் பிடிப்பது உராய்வு.

போல்ட் தளர்ந்து அழுத்தம் ஐந்தில் ஒன்றானால் பிடிமானம் 15 கிலோவாகிவிடும். இனி ஒவ்வொரு பள்ளத்திலும் கால் நழுவிப் போல்ட்டின் மேல் உட்காரும். போல்ட் வளைந்து நிமிரும். டிஸ்க் பிரேக்குக்கு இடம்விட, காலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 10 மி.மீ. ஸ்பேசர் என்ற வளையமும் போட்டிருந்தால், அந்த 30 கிலோ குலுக்கலில் மரையின் அடியில் தகைவு (ஒரு சதுர மி.மீ. பரப்பில் விழும் விசை) 450 மெகாபாஸ்கலைத் தொடும். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் நிரந்தரமாக வளையத் தொடங்குவதும் அங்கேதான்.

வாசகரின் படத்தில் முறிந்த முகத்தின் பெரும்பகுதி வழவழப்பு, மேலே பிறை பிறையாகக் கோடுகள். ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. விரிசல் பல நாள் மெல்ல நகர்ந்திருக்கிறது, மிச்சம்தான் ஒரே அடியில் போயிருக்கிறது. வழவழப்பு இவ்வளவு பெரிதென்றால் சுமை அதிகமில்லை என்று அர்த்தம். குற்றவாளி தளர்வு.

ஆகவே டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு ஸ்பேசர் அடுக்காமல், காலே வெளிவாங்கி வளைந்த கேரியராக வாங்குங்கள். மரையில் நீலநிறத் திரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. முதல் 50 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். காலடியில் பெயிண்ட் நசுங்கி அழுத்தம் குறைந்திருக்கும். வலப்பக்கப் போல்ட் உள்ளே நீட்டிக்கொண்டு செயினை உரசக் கூடாது. பையின் கொக்கி கேரியர் குழாயில் ஆடாமல் உட்கார வேண்டும், ஆடினால் குலுக்கல் கூடும். குதிகால் பையில் இடிக்கிறதா என்று கடையிலேயே பெடலைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சைக்கிளுக்குப் பொட்டு வைப்பதில் எனக்குச் சண்டையில்லை. அதே கையோடு 4 மி.மீ. ஆலன் கீயையும் போல்ட்டில் வைத்துப் பார்த்தால் சந்தோஷம்.

வழியில் முறிந்தால், துளையின் உட்பக்கம் துண்டின் வால் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம். மாற்றுப் போல்ட்டுக்குக் கடை தேட வேண்டாம். தண்ணீர் பாட்டில் ஸ்டாண்டைப் பிடித்திருப்பதும் பெரும்பாலும் எம்5 தான்.