காலுறைக்குள் இரண்டு விளக்குகள்

இரண்டு மாதக் குழந்தையின் காலில் மாட்டும் மூச்சுக் கண்காணிப்புக் காலுறையை வாங்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும்: அந்தக் காலுறை மூச்சை நேரடியாக அளப்பதே இல்லை. மெத்தைக்கு அடியில் வைக்கும் தகடு என்ற இன்னொரு வகைக் கருவி உடலின் அசைவைக் கவனிக்கிறது. காலுறையோ, மூச்சு தடைப்பட்டு ஆக்சிஜன் குறைந்தால் மாறும் இரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிறது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் ஹீமோகுளோபின். ஆக்சிஜனைச் சுமந்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் கடந்துபோக விட்டு, அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்சிஜனை இழந்தது அதற்கு நேர்மாறு. ஆகவே சுமார் 660, 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரு ஒளிகளைப் பாதத்தில் பாய்ச்சி ஒப்பிடலாம். ஆனால் தோலும் எலும்பும் சிரை இரத்தமும்கூட ஒளியை விழுங்குமே, தமனி இரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிவது? 1970களின் தொடக்கத்தில், ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனப் பொறியாளர் தக்குவோ அயோயாகி, இரத்தத்தில் சாயம் செலுத்தி, இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் காதுமடல் வழியாகக் கணிக்க முயன்றபோது, நாடித்துடிப்பு அவருடைய வரைகோட்டை ஓயாமல் குலைத்துக்கொண்டிருந்தது. இரண்டு அலைநீளங்களின் விகிதத்தைக் கொண்டு அத்துடிப்பை நீக்கினார். ஆக்சிஜன் அளவு மாறியதும் அந்த நீக்கம் பிசகியது. அந்தப் பிசகே ஆக்சிஜனின் அளவுகோல் என்று கண்டுகொண்டதுதான் அவருடைய மேதைமை. துடிப்புக்குத் துடிப்பு கூடிக் குறைவது பெரும்பாலும் தமனி இரத்தமே என்பதால், ஒவ்வோர் ஒளியிலும் மாறும் பகுதியை மாறாத பகுதியால் வகுத்தால், தோலும் எலும்பும் கணக்கிலிருந்து தாமாகவே விலகிவிடும். 1974இல் வெளியான இந்த வகுத்தல் கணக்கைவிட அழகான ஒன்றை மருத்துவக் கருவிகளில் நான் கண்டதில்லை.

குழந்தை காலை உதைத்தால் சிரை இரத்தமும் அலைபாயும்; அதையும் கருவி துடிப்பென்று எண்ணி அளவைத் தவறாகக் காட்டக்கூடும். தவிர, நலமான பச்சிளங்குழந்தைகளும் உறக்கத்தில் 5 முதல் 10 விநாடிகள் வரை மூச்சை நிறுத்தித் தொடர்வது இயல்பே.

நலமாகத் தோன்றிய குழந்தை காரணம் தெரியாமல் உறக்கத்தில் இறந்துபோவதைத் திடீர் மரணம் என்பார்கள். மூச்சுத் தடையே அதன் முன்னறிவிப்பு என்ற கருத்து, அமெரிக்காவில் 1972இல் வெளியான ஒரு ஆய்வுக்கட்டுரையால் வலுப்பெற்று, வீட்டுக் கருவிகளுக்குச் சந்தையையும் உண்டாக்கியது. அக்கட்டுரை விவரித்த குழந்தைகளுள் இருவரையும் அவர்களுடைய உடன்பிறந்த மூவரையும் தாயே கொன்றதாக 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கண்காணித்து 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நலமான குழந்தைகளிடமும் இத்தகைய மூச்சுத் தடைகள் பரவலாக நேர்வதைக் காட்டியது. திடீர் மரணத்தைத் தடுக்கும் வழியாக இக்கருவிகளை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதில்லை.

இத்தகைய மரணங்களைப் பெருமளவு குறைத்தது, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கும் எளிய பழக்கம். அதில் விற்பதற்கு எதுவும் இல்லாததால், இத்தகைய எளிய வழிகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு அரசுதான் பணம் தர வேண்டும் என்பது என் கருத்து.

குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரே கருவி எழுதித் தந்திருந்தால் அது வேறு செய்தி. அதை நிறுத்தக் கூடாது. மற்றபடி, அந்தப் பணத்தில் கெட்டியான, தட்டையான மெத்தை ஒன்றை வாங்கி, தலையணை இல்லாமல், பெற்றோரின் அறையிலேயே தனிப் படுக்கையாகப் போடுங்கள். தூளியின் வளைவில் முகவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சுக்குழல் குறுகக்கூடும் என்பதால், அதில் கண்ணயர்ந்த குழந்தையை எடுத்து அந்த மெத்தையில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள்.