ரசஞ்சாதம் ஊட்டினால் போதுமா?

பதினான்கு மாதப் பெண் குழந்தை. எடை 6.5 கிலோ. சத்துக்குறைவை அறியப் புயத்தைச் சுற்றி அளக்கும் நாடா சிவப்பில் நிற்கிறது, 11.5 சென்டிமீட்டருக்கும் குறைவு; கடுமையான சத்துக்குறைவு என்று பொருள். "சாப்பாட்டுக்குக் குறையே இல்லை டாக்டர், அப்பாவைப் போல இவளுக்கும் ஒல்லி உடம்பு" என்கிறார் பாட்டி. இதையே இன்னும் எத்தனை வீட்டார் சொல்லிக் கேட்பது?

அப்பா ஒல்லி என்பதற்காக ஒரு வயதுக் குழந்தையின் எடை நின்றுபோகாது. பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்காகவும், ஓராண்டில் மூன்று மடங்காகவும் ஆக வேண்டும். ஒல்லியான தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்கும் இதுதான் கணக்கு. அங்கன்வாடி அட்டையில் எடைக்கோடு மாதக்கணக்கில் படுத்தே கிடக்கிறது; அதைக் கையில் வைத்துக்கொண்டே உடல்வாகு என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்தக் குழந்தை பட்டினி கிடக்கிறது.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் ரசஞ்சாதம், பருப்புத் தண்ணீர், டீயில் நனைத்த பிஸ்கட் என்று பதில் வருகிறது. சின்ன இரைப்பை அது. தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு ஏது இடம்? டீ போதாக்குறைக்கு இரும்புச்சத்தையும் உடலில் சேரவிடாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பள்ளியில் சத்துணவு போடும் தமிழ்நாட்டிலும் 25 சதவீதம். பள்ளிச் சோறு கைக்கு வருவதற்குள் முதல் இரண்டு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அதில் இழந்த வளர்ச்சியைப் பின்னால் முழுமையாக மீட்பது கடினம்.

அங்கன்வாடியில் இலவசமாகத் தரும் சத்துமாவைப் பரணில் போட்டுவிட்டு, விளம்பரத்தை நம்பி டப்பா பவுடருக்குக் கடன் வாங்கும் தாய்மாரைப் பார்க்கும்போது கோபத்தைவிட வருத்தமே மிகுகிறது.

ஆறு மாதம் முடிந்ததும் பருப்பை மசித்துக் கொடுங்கள், தண்ணீரை இறுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேருங்கள். முட்டை கொடுங்கள், சூடு என்று தடுக்கும் பெரியவர்களை என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன். தாய்ப்பாலை இரண்டு வயது வரை விடாதீர்கள். காய்ச்சல் என்று சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தால் சதை பிடித்துவிட்டது என்று மகிழ வேண்டாம்; அது கடுமையான சத்துக்குறைவால் வரும் நீர்வீக்கமாக இருக்கலாம். அன்றே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.