தரையில் ஓட்டை, கூரையில் காரணம்: பழைய பிக்கப் ட்ரக்குகளின் டிரிப் ரெயில் துரு

சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் பட்டறைக்கு 1970ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 ஒன்று வந்தது. ஓட்டுநர் பக்கத் தரைத் தகடு விரல் நுழையும் அளவுக்கு அரித்திருந்தது. புதிய தகட்டையும் உரிமையாளர் கையோடு வாங்கி வந்திருந்தார். வெட்டிப் பொருத்திக் கொடுத்தால் போதும் என்றார். பழைய தகட்டை உற்றுப் பார்த்தபோதுதான் அது ஆலையில் போட்டது அல்ல, ஏற்கெனவே ஒருமுறை யாரோ மாற்றியது என்று தெரிந்தது. அதன் அடிப்பக்கத்துப் பூச்சு குலையாமல் இருக்க, துரு முழுவதும் தரைவிரிப்பின் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கியிருந்தது. தண்ணீர் மேலிருந்து வருகிறது என்றால் மேலேதான் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து, கூரை ஓரத்தில் திருப்புளியின் முனையை வைத்து மெல்ல அழுத்தினேன். முனை உள்ளே போய்விட்டது.

மிச்சிகனில் பழைய பிக்கப்புகளுக்குத் தகடு வேலை செய்து பிழைப்பவன் நான். இங்குள்ள நம்மவர்களில் பலர் இப்போது இத்தகைய வண்டிகளை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள்; வாங்குமுன் எல்லோரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறார்கள், கூரையை எவரும் பார்ப்பதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கதவுக்கு மேலே, கூரையின் ஓரமாக ஓடும் சிறு வாய்க்கால் போன்ற மடிப்பைத்தான் டிரிப் ரெயில் என்கிறார்கள். கூரையில் விழும் மழைநீர் கதவைத் திறக்கும்போது தலையில் கொட்டாமல் முன்னும் பின்னும் வழிந்தோட அது உதவுகிறது. பார்வைக்கு ஒரே பட்டையாகத் தோன்றினாலும், கூரையின் வெளித்தகடும் உட்சட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இடைவெளி விட்டு விட்டு ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தல்) செய்யப்பட்ட இணைப்பு அது. இரண்டு வெல்டுகளுக்கு நடுவே தகடுகள் ஒட்டியிருக்கின்றனவே தவிர, இணைந்திருப்பதில்லை. அந்த நூலிழை இடைவெளிக்குள் ஆலையில் அடித்த பெயிண்ட் சரியாகச் சென்று சேர்ந்ததில்லை. துத்தநாகம் பூசிய தகடுகள் வண்டிகளின் உடற்பகுதியில் பரவலானது 1980களில்தான் என்பதால், அதற்கு முந்தைய வண்டிகளில் அங்கே இருப்பது வெறும் இரும்பு. தண்ணீருக்கும் அந்த இரும்புக்கும் நடுவே இருந்த ஒரே காவல், அந்த வாய்க்கால் பள்ளத்தில் தடவிய சீலர் என்னும் அடைப்புப் பசை.

ஐம்பது ஆண்டு வெயிலில் அந்தச் சீலர் காய்ந்து சுருங்கி, பெயிண்டின் அடியிலேயே வெடிக்கிறது. முடியளவு வெடிப்பே போதும். தண்ணீரை யாரும் தள்ள வேண்டியதில்லை, நுண்துளை ஈர்ப்பால் அது தானாகவே தகடுகளுக்கு நடுவே ஏறிவிடும். ஏறிய தண்ணீர் எளிதில் காய்வதும் இல்லை. காற்று நன்றாகப் படும் வெளிப்புறத்தைவிட, ஆக்சிஜன் குறைந்த இடுக்கின் உட்புறமே வேகமாக அரிக்கும் என்பது இரும்பின் இயல்பு. இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும் என்பதால், அந்தத் துரு ஆப்பு அடித்ததுபோலத் தகடுகளைப் பிளந்து, மிச்சமிருக்கும் சீலரையும் விரிசல் காணச் செய்து, அடுத்த மழைக்கு இன்னும் அகலமான வழியைத் திறந்து வைக்கிறது.

இங்கே துரு என்றாலே சாலையில் தூவும் உப்புதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். டெட்ராய்ட் நகரத்தின் அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே தெற்கு மாநில வண்டி என்றால் துரு இருக்காது என்று நம்பி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சேசிஸைப் பொறுத்தவரை அது சரி. டிரிப் ரெயிலுக்கு உப்பு தேவையில்லை. வெயிலும் பனி ஈரமும் மழையும் போதும். ஜார்ஜியாவிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் வந்த வண்டிகளில், அடிப்பகுதி புதிதுபோல இருக்கக் கூரை ஓரம் மட்டும் பிஸ்கட்போல நொறுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே புகுந்த தண்ணீர் புகுந்த இடத்தில் சொட்டுவதில்லை. உள்கூரைக்குப் பின்னால் வழிந்து, வெப்பத்தடுப்புப் பஞ்சை நனைத்து, முன்கண்ணாடித் தூண் வழியாகக் கால்வைக்கும் இடத்துக்கோ, பின்தூண் வழியாகக் கேபினின் பின்மூலைக்கோ இறங்குகிறது. தரையையும் பின்மூலையையும் திரும்பத் திரும்ப மாற்றியும் துரு நிற்கவில்லை என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவே. ஆனாலும் எல்லாப் பழியையும் டிரிப் ரெயில்மேல் போட்டுவிடக் கூடாது. முன்கண்ணாடி ரப்பர், பின்கண்ணாடி ரப்பர், வைப்பருக்குக் கீழே காற்று நுழையும் பகுதி ஆகியவையும் இதே இடங்களில் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பிரித்தறிய உள்கூரையைக் கழற்றி, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றவர் ஹோஸ் குழாயில் மெல்லிய ஓட்டமாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் கண்ணாடியின் கீழ்விளிம்பு, பிறகு மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை ஓரம் என்று கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது ஒழுகியது என்று சொல்ல முடியாமல் போகும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். நல்ல ரப்பரையும் அது ஒழுகச் செய்யும்.

தண்ணீர் விட்டுப் பார்க்க முடியாத இடத்தில், அதாவது விற்பவர் வீட்டு வாசலில், கண்ணையும் விரலையும் நம்புங்கள். பள்ளத்தை ஒட்டிக் கோடாகப் பெயிண்ட் கொப்பளித்திருப்பது, கதவின் மேல்மூலையில் பழுப்பாக வழிந்த தடம், உள்கூரை ஓரத்துக் கறை ஆகியவை தெளிவான அடையாளங்கள். பள்ளத்தில் புதிதாகத் தடித்த பூச்சு இருந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். மேலே பளபளப்பான உலோக அலங்காரப் பட்டை செருகியிருந்தால், அனுமதி கேட்டுக் கழற்றிப் பாருங்கள். மண்ணும் இலைச் சருகும் ஈரத்தோடு அதற்குள் தங்கும்.

நான் அடிக்கடி காணும் தவறு, துருவின்மேல் சிலிக்கான் பிதுக்கி அடைப்பது. புளித்த காடி வாசனை வரும் சிலிக்கான், இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வெறும் இரும்புக்கு அதுவே கேடு. அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது; சுத்தமாக எடுத்தாலும் மிச்சத் தடத்தில் பெயிண்ட் மீன்கண் போலக் குழிவிடும். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே எதைக் கொண்டு மூடினாலும், மழையைத் தடுப்பதைவிட ஈரத்தைச் சிறைவைப்பதே அதிகம் நடக்கும். கோவையில் அம்பாசிடர் கார்களில் டிங்கர் வேலை பழகிய காலத்தில் இதே பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்து அனுப்பியதை நானும் செய்திருக்கிறேன். இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது.

இனி வேலையைப் பற்றி. முதல் காரியம் கூரையில் இல்லை, இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. 1967 முதல் 1972 வரையிலான ஃபோர்டு எஃப்-100 வண்டிகளிலும், அதே ஆண்டுகளின் செவர்லே சி-10 வண்டிகளிலும், பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் பொறி பறக்க வெல்டிங் செய்யும் இடத்துக்கு நேர் கீழே! டேங்க் காலி என்பது பாதுகாப்பு ஆகாது. திரவப் பெட்ரோலைவிட, காலி டேங்கில் காற்றோடு கலந்து நிற்கும் ஆவியே எளிதில் வெடிக்கும். டேங்கைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே வைத்து, குழாய்களின் வாயை அடைத்து, பேட்டரியையும் துண்டித்த பிறகே கிரைண்டரைத் தொட வேண்டும். உள்கூரையும் பஞ்சும் வெளியே வர வேண்டும். ஒருமுறை எங்கள் பட்டறையில் கூரை இடுக்கில் இருந்த எலிக்கூட்டில் பொறி விழுந்து, வேலை முடிந்து வெகுநேரம் கழித்துப் புகைந்தது. அன்றிலிருந்து வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரம் கழியாமல் பட்டறையைப் பூட்டுவதில்லை.

பழைய சீலரை ஹீட் கன் கொண்டு மிதமாகச் சூடாக்கிச் சுரண்டினால் நாடாவாக வரும். தீ ஜுவாலை காட்டக் கூடாது. அக்காலப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைச் சுவாசிப்பதும் கூடாது, தகுந்த ரெஸ்பிரேட்டர் அவசியம். பள்ளத்துக்குள், காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கும் சிறிய முனை கொண்ட சாண்ட் பிளாஸ்டர் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைக் கூரையின் விரிந்த பரப்பில் காட்டினால் தகடு நெளிந்து, பிறகு நேராக்கவே முடியாது. துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல்களை இடுக்குகளில் ஊற்றுவதை நான் விட்டுவிட்டேன். திறந்த தகட்டில் அதைக் கழுவி எடுக்கலாம். மடிப்புக்குள் போன அமிலத்தைக் கழுவ வழியில்லை, அதன்மேல் அடிக்கும் எபாக்ஸி பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் இரு பாக அடிப்பூச்சு) பிடிப்பிழந்து உரியும்.

ஓட்டை விழாமல் மேற்பரப்பு மட்டும் துருப்பிடித்திருந்தால் சுத்தம் செய்து பிரைமருக்குப் போகலாம். திருப்புளி உள்ளே போகும் இடத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டினால் கூரை இறங்கிவிடும். கேபினுக்குள் குறுக்குக் கம்பி முட்டுக்கொடுத்து, கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்டு, சாண் சாணாக வெட்டிச் சாண் சாணாகப் பொருத்துவதே முறை. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தகடுதான் என்பதால் 0.6 மில்லிமீட்டர் மிக் (MIG) வெல்டிங் கம்பியால் புள்ளி வைத்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, தள்ளி இன்னொரு புள்ளி வைக்க வேண்டும். தொடர் கோடாக இழுத்தவர்களின் கூரை அப்பளம்போல அலையடித்ததைப் பார்த்திருக்கிறேன். தகடுகள் படியும் உட்பரப்பில் துத்தநாக வெல்டிங் பிரைமர் அடிப்பது நல்லது. வெல்டு விழும் புள்ளியில் மட்டும் அதைச் சுரண்டிவிட வேண்டும், அதன் புகை காய்ச்சலைக் கொடுக்கும்.

சீலர் வெறும் இரும்பின்மேல் போகக் கூடாது. எபாக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு அடித்து, டப்பாவில் குறிப்பிட்ட நேரத்துக்குள், தானாகவே சமமாகப் படியும் இரண்டு பாகச் சீம் சீலரைப் பள்ளத்தின் அடியில் ஊற்றுவது என் வழக்கம். பள்ளத்தை நிரப்பிவிடாதீர்கள், தண்ணீர் ஓட வாய்க்கால் மிஞ்ச வேண்டும், முனைகளில் வழியும் வாயும் திறந்திருக்க வேண்டும். வண்டி சற்றே முன்சரிந்து நின்றால் சீலர் ஒருபக்கம் தேங்கிவிடும் என்பதால், ஊற்றுமுன் மட்டப்பலகை வைத்துப் பார்க்கிறேன். பெயிண்ட் முடிந்து காய்ந்த பிறகு, உட்புறத்திலிருந்து நீண்ட நுனிக்குழாய் வழியாக மெழுகுப் பூச்சைக் கூரை இடுக்கு முழுவதும் செலுத்த வேண்டும். மெழுகை முதலில் அடித்துவிட்டு வெல்டிங்குக்கு வந்தால் தீப்பிடிக்கும், பெயிண்டும் கெடும். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

அந்த எஃப்-100இன் தரைத் தகட்டை நான் கடைசியில்தான் மாற்றினேன். கூரை வேலை முடிந்து, உள்கூரை போடாமலேயே இரண்டு வாரம் வண்டியை வெளியே நிறுத்தி வைத்தோம். மிச்சிகனின் நவம்பர் மழை எங்களுக்காகப் பெய்தது. தினமும் காலையில் தூண்களின் அடியில் செய்தித்தாளைச் செருகி, மாலையில் எடுத்துப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் பயணி பக்கத்துத் தாளில் சிறு ஈரம். அது முன்கண்ணாடி ரப்பரிலிருந்து வந்தது. ரப்பரை மாற்றி, மேலும் ஒரு மழைக்குக் காத்திருந்து, தாள் உலர்ந்தே வந்த பிறகு, உரிமையாளர் கொண்டுவந்த தகட்டை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.