க்யூட்

அக்கா மகள் கோடை விடுமுறைக்குக் காவேரிப்பட்டணத்துக்கு வந்திருந்தாள். வந்த அன்றே மடிக்கணினி விளையாட்டில் ஒரு பூனையை நடக்கவிட்டுக்கொண்டு, "மாமா, இது செம க்யூட்!" என்றாள். நாலாம் நாள் ராத்திரி, "க்யூட்டுன்னு நம்பிட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு மூடி வைத்தாள். முகம் வாடியிருந்தது. அந்தச் சொல்லை நோண்டிப் பார்க்க எனக்கு அப்போதுதான் தோன்றியது.

'க்யூட்' என்பது 'அக்யூட்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலை உதிர்ந்த வடிவம். செய்யுளில் 'தாமரை' என்பது 'மரை' ஆனால் நம் இலக்கணம் அதை முதற்குறை என்கிறது. ஆங்கிலத்திலும் அதேதான் நடந்திருக்கிறது. அக்யூட்டின் வேர் லத்தீனில் இருக்கிறது. தீட்டியது, கூரானது என்று பொருள். ஊசியைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் அதற்கு உறவுதான். பள்ளியில் நாம் படித்த குறுங்கோணத்துக்கு ஆங்கிலத்தில் இந்த அக்யூட்தான் பெயர். 18ஆம் நூற்றாண்டில் 'க்யூட்' என்றால் சூட்டிகையானவர், காரியக்காரர். பார்க்க அழகு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டது. கூர்மையில் தொடங்கி, புத்திக்கூர்மையாகி, கடைசியில் கொழுகொழுக் கன்னத்தில் வந்து நிற்கிறது சொல். உள்ளே இருந்த ஊசியை இப்போது யாரும் நினைப்பதில்லை.

அவள் ஆடியது 'நைட் இன் தி உட்ஸ்' என்ற சாகச விளையாட்டு. பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல், சிலர் சேர்ந்து மக்களிடமே பணம் திரட்டிச் செய்து 2017ல் வெளியிட்டார்கள். கல்லூரியை பாதியில் விட்ட மே என்ற பூனை சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். ஊரில் எல்லாரும் விலங்குகள். நரி, கரடி, முதலை. பெரிய தலை, பெரிய கண். இப்படிப்பட்ட குழந்தைச் சாயலைப் பார்த்தாலே நமக்குள் தூக்கிக் கொஞ்சும் உணர்வு எழுகிறது என்று கோன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியலாளர் 1943லேயே எழுதினார். கொஞ்சத் தோன்றும்போது காவலைத் தளர்த்திவிடுகிறோம். விளையாட்டு அந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறது. மேயின் மனநோயில் ஒரு நாள் எதிரே இருந்தவர்களெல்லாம் வெறும் வடிவங்களாகத் தெரிந்திருக்கிறார்கள். ஊரின் சுரங்கமோ மூடிக் கிடக்கிறது. பழைய வாழ்வு திரும்பும் என்று நம்பி, வேண்டாதவர்கள் என்று தாங்கள் முடிவு செய்த ஆட்களை அந்தச் சுரங்கக் குழியில் தள்ளுகிறது ஒரு கூட்டம். இதைக் கேட்டதும் எனக்குக் கோலார் தங்கவயல் நினைவு வந்தது. 2001ல் அது மூடியபோது வேலையிழந்தவர்களில் நம் பக்கத்துத் தமிழர்கள் எத்தனையோ பேர்.

வெளியே அழகு, உள்ளே இருட்டு என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க ஒரு நீலம் மாம்பழம் போதும். மேல்தோலில் ஒரு கீறல் இருக்காது, மணமும் நன்றாக இருக்கும். கொட்டையைப் பிளந்தால் உள்ளே கரிய வண்டு உட்கார்ந்திருக்கும். பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டையிடும். புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குப் போய்விடும். பழம் வளர வளர அந்தத் துளை ஆறி மறைந்துவிடும்.

சரி, 'க்யூட்' என்பதைத் தமிழில் என்ன சொல்வது? அகராதிகள் 'அழகான', 'கவர்ச்சியான' என்று தருகின்றன. இரண்டும் போதாது. மலையும் அழகுதான், அதை யாரும் க்யூட் என்பதில்லை. என் தேர்வு 'சுட்டி'. 'சுட்டு' என்றால் காட்டு, குறி. குழந்தையின் நெற்றியில் ஆடும் நகை சுட்டி. மாட்டின் நெற்றியில் இருக்கும் வெள்ளையும் சுட்டி. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கருத்த நெற்றியில் அந்த வெள்ளை எத்தனை எடுப்பு! துறுதுறுப்பான, புத்தி கூர்மையான பிள்ளையையும் சுட்டி என்றுதான் சொல்கிறோம். அழகும் கூர்மையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. 'க்யூட்' வழியில் தொலைத்ததைச் 'சுட்டி' இன்னும் கையில் வைத்திருக்கிறது. கணினியின் மவுஸுக்கும் இதே பெயர் வைத்திருப்பதால் குழப்பம் வரும் என்பார்கள். பேச்சில் அந்தக் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கைப்பையைச் சுட்டி என்று சொல்ல முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். உயிருள்ளவற்றுக்கும் அவற்றின் சித்திரத்துக்கும் மட்டும்தான் இது பொருந்தும். கைப்பைக்குக் 'குட்டி அழகு' போதும்.

அப்புறம், உள்ளே மறைந்திருக்கும் அந்தப் பொருள். அதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். தொல்காப்பியம் 'உள்ளுறை' என்று பெயர் வைத்து, அது எங்கே தங்கும் என்றும் சொல்லியிருக்கிறது: தெய்வம் நீங்கலான கருப்பொருள்களில், அதாவது விலங்கு, பறவை, மீன், மரம் ஆகியவற்றில். குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் வயலோர மாமரத்துப் பழம் தானாக விழுகிறது. குளத்து வாளைமீன் அதைக் கவ்வுகிறது. பார்த்தால் அழகான ஊர்க்காட்சி, அவ்வளவுதான். பேசுபவள் பரத்தை என்று தெரிந்தபின், தலைவன் எந்த முயற்சியும் இல்லாமல் தன் கைக்கு வந்தவன் என்று அவள் சொல்வது கேட்கும். இந்த விளையாட்டும் விலங்குகளை வைத்துத்தான் பேசுகிறது. 'இருண்ட மறைபொருள் கொண்ட' என்று நீட்டாமல் 'உள்ளுறை ஆட்டம்' என்றே சொல்லலாம்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். மாம்பழக் கொட்டையைச் சப்பிக்கொண்டே கேட்டவள், "அப்ப அந்த முதலைப் பொண்ணுக்கும் உள்ளுறை இருக்கா மாமா?" என்றாள். அந்த முதலைப் பெண், அம்மா இறந்தபின் கல்லூரி ஆசையை விட்டுவிட்டு அப்பாவின் இரும்புக்கடையைப் பார்த்துக்கொள்பவள். நெய்தல் நிலத்துக் கருப்பொருள்களில் முதலையும் உண்டு என்றேன். அவள் கை கழுவிக்கொண்டு வந்து மடிக்கணினியைத் திறந்தாள்.